வெறுங்கால் சாமி

பிரேயர் மணி நின்ற பிறகும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அது மணிதானா, இல்லை மலையடிவாரத்தில் விடிய விடிய அலறிய வேன்களின் ஹாரனா என்று பிரித்துப் பார்க்கச் சுருளிநாதனுக்குத் தெம்பில்லை. நின்றபடியே கண்ணை மூடினால் உடம்பு இன்னும் மலைப்பாதை வளைவுகளில் இங்கிட்டும் அங்கிட்டும் சாய்ந்தது. கண்ணைத் திறந்தான். சின்னமனூர்தான். பள்ளிக்கூட மைதானம்தான். மார்கழிப் பனியில் நனைந்த சரளை உள்ளங்காலில் குத்தியது. எதிரே பதினொன்றாம் வகுப்பு வரிசை: சந்தனச் சட்டை, காப்பிக் கலர் பேன்ட், வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ. அவன் அந்த வரிசையில் இல்லை. கொடிக்கம்பத்துக்கு வலப்பக்கம், சபரிமலைக்கு மாலை போட்ட பையன்கள் தனியாக நிற்கும் வரிசையில், கறுப்பு வேட்டியும் தோளில் கறுப்புத் துண்டுமாகக் கடைசி ஆளாக நின்றான். வெள்ளி முளைக்கிற நேரத்துக்குத்தான் மலைக்குக் கூட்டிப்போன மாமாவின் வேன் ஊர் வந்து சேர்ந்தது. இறங்கி, பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, இரண்டு இட்லியை வாயில் திணித்துக்கொண்டு, இதோ வந்து நின்றாயிற்று. ஒருநாள் படுத்துத் தூங்கியிருக்கலாம். அம்மாதான் விடவில்லை. "போட்ட லீவு போதும் சாமி. பள்ளியோடம் போயிட்டு வாங்க. சாயங்காலம் நான் ஜீப்ப விட்டு எறங்குனதும் மாலையக் கழட்டிருவோம். நீங்களாக் கழட்டிப்புடாதீக, பெத்தவ கையாலதான் கழட்டணும்" என்று சொல்லிவிட்டு ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் மாலை கழன்றுவிடும். ராத்திரி பாயில் படுக்கலாம், தலையணை வைத்துக்கொள்ளலாம். விடிந்தால் யாரும் சாமி என்று கூப்பிட மாட்டார்கள். நாளைக்குச் சூடாக வெந்நீர் வைத்துக் குளிக்கலாம். நாளைக்கு எழுந்து, குளித்து, சாக்ஸை மாட்டி, நாளைக்கு ஷூ.

நாளைக்கு ஷூ. அந்த நினைப்பு வந்ததுமே வலது கால் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. விரலுக்கும் ஞாபகம் இருக்கும்போல. பதினாறு வயதில் பையனுக்கு மீசை முளைக்கும், குரல் உடையும், அதையெல்லாம் ஊர் கூடிக் கேலி பண்ணிச் சிரிக்கும். கால் வளர்வதை மட்டும் ஒருத்தரும் கவனிப்பதில்லை. ஆனியில் வாங்கிய ஷூ ஆவணியில் விரலை இடித்தது, புரட்டாசியில் கடித்தது. நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்தது. பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தான். பி.டி. வாத்தியார் செல்வின் சார் கண்ணுக்கு அது தப்புமா? தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வந்து இருபது வருசமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ஊர் மாறவில்லை. "என்னல இது? ஷூவா, கக்கூஸுக்குப் போற செருப்பா? ஒழுங்கா மாட்டுல." மாட்ட முடியவில்லை. "அப்பக் கழட்டிக் கையில பிடி." ஷூவை ஒழுங்காகப் போடாததற்குத் தண்டனை, ஷூ இல்லாமல் நிற்பது. இந்தக் கொடிக்கம்பத்துக்குக் கீழேதான், இரண்டு கையிலும் ஒவ்வொரு ஷூவைப் பிடித்துக்கொண்டு, முதல் பீரியடு முடிகிற வரைக்கும். ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகும். முதல் பீரியடு கணக்குப்பதிவியல். வாரத்தில் பாதி நாள் கொடிக்கம்பத்தடியில் போனதில் பற்று எது வரவு எது என்று அவனுக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. அரையாண்டில் அந்தப் பாடத்தில் கோட்டைவிட்டான். அதற்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருந்தான். யாரும் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லுகிற வீடாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டானா. அந்த ஷூ அப்பா வாங்கித் தந்தது. அப்பா ஒச்சப்பன், வாழைக்காய் மண்டியில் லோடுமேன், தன் கையால் அவனுக்கு வாங்கித் தந்ததென்று நினைவில் இருப்பதே அந்த ஒரு சாமான்தான். அன்றைக்கு மட்டும் குடிக்காமல், இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தேனி வரைக்கும் பஸ்ஸில் கூட்டிப்போனார். கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாழைத்தார் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கட்டைவிரலால் ஷூவின் மூக்கை அமுக்கிப் பார்த்து, கடைக்காரனிடம் பெரிய மனுசத் தோரணையில், "ரெண்டு வருசம் தாங்கும்ல? பய ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் வரணும்" என்றார். திரும்பும்போது பரோட்டா வாங்கித் தந்தார். பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்த ஷூ மூன்றே மாதத்தில் பத்தவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அப்பாவிடம் நேரே சொல்ல முடியாது, அம்மாவிடம்தான் சொல்லணும். அம்மா அதை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டாள். ராத்திரி அவர் தள்ளாடிக்கொண்டு வரும்போது வாசலிலேயே எடுத்து வீசுவாள். "பெத்த பிள்ளை காலு ரத்தமாக் கெடக்கு, ஒனக்குத் தண்ணி கேக்குதோ." அப்புறம் அவர் பாத்திரத்தை வீசுவார், இவள் மாரில் அடித்துக்கொள்வாள், பக்கத்து வீட்டில் லைட் எரியும். ஒரு சண்டைக்கு அவன் கால் காரணமாக இருக்க வேண்டாம். சண்டைக்கு அந்த வீட்டில் காரணத்துக்கா பஞ்சம்? ஆனாலும் இது அவன் கொடுத்ததாக இருக்கக் கூடாது. வலித்தால் வலித்துவிட்டுப் போகிறது என்று பஞ்சை வைத்துச் சாக்ஸை மாட்டிக்கொண்டான். சாக்ஸ் வெள்ளை. அதுதான் வினை. ஒருநாள் நுனி சிவந்துபோய், பெண்கள் வரிசையில் யாரோ பார்த்து, யாரோ யாரிடமோ சொல்லிச் சிரித்தார்கள்.

நீராரும் கடலுடுத்த ஆரம்பமாகிவிட்டது. எல்லோரோடும் சேர்ந்து அவன் வாயும் அசைந்தது. பாட்டு முடிந்து உறுதிமொழி, உறுதிமொழி முடிந்து குறள், குறள் முடிந்து செய்திகள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் வாசித்தான். இதற்குள் செல்வின் சார் கிளம்பிவிட்டார். கழுத்தில் விசில், சட்டைப் பையில் கத்தரிக்கோல். பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக வருவார். கடைசியில் சாமிகள் வரிசை. ஒருத்தன் காதுக்கு மேலே கோடு போட்டு முடி வெட்டியிருந்தான். கத்தரிக்கோல் வெளியே வந்து உச்சந்தலையில் ஒரு கொத்தை எடுத்தது, இனி அவன் மொட்டை போட்டால்தான் தெருவில் நடக்க முடியும். இன்னொருத்தன் பேன்ட் கணுக்காலைப் பிடித்திருந்தது. "பேன்ட்டால இது, பைப்பால? போய் கேட்டுக்கிட்ட நில்லு." பெண்கள் பக்கம் வனஜா டீச்சர். மடித்துக் கட்டாத சடைக்கு ஒரு தட்டு, ரிப்பன் நிறம் மாறினால் ஒரு தட்டு. அவன் வகுப்பு மேகவர்ஷினி இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். போன வாரம்தான் அவளுக்குப் பிறந்தநாள். உள்ளங்கை நிறைய மருதாணி. நேற்றைக்கே தண்ணீர்க் குழாயடியில் செங்கல் துண்டால் தேய்க்கச் சொல்லித் தேய்த்தாளாம், கவியரசன் சொன்னான். தோல் போயிருக்கும், சிவப்பு போயிருக்காது. அவள் எங்கே போய் ஒளிவாள்? அவளுக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு மாலையும் இல்லை.

இந்தக் கவியரசன்தான், இதோ பக்கத்தில் நின்று கொட்டாவி விடுகிறவன், அவனுக்கு வழி காட்டியவன். வேண்டுமென்று காட்டவில்லை. கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் துளசி மாலையும் வெறுங்காலுமாக வந்து நின்றான். செல்வின் சார் வரிசையில் வந்தார். எல்லோருடைய காலையும் பார்த்தார், கவியரசன் காலைப் பார்த்தார், ஒரு நொடி நின்றார், கும்பிட்டார். "சாமி, நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க." அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் மாலை போட்டவனை டா போட்டுப் பேச அவருக்கே நாக்கு வராது. பக்கத்து வரிசையில் ஷூவை மாட்ட முடியாமல் வெறுங்காலோடு நின்றிருந்த சுருளியைக் கொடிக்கம்பத்துக்கு அனுப்பினார். கொடிக்கம்பத்தடியில் நின்றபடி சுருளி கவியரசன் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தான். அதே கால், அதே மண். ஒன்றுக்குக் கும்பிடு, ஒன்றுக்குத் தண்டனை. அன்றைக்குச் சாயங்காலமே முத்துக்காமு மாமா வீட்டுக்குப் போய், "மாமா, எனக்கு மாலை போட்டு விடுங்க, மலைக்கு வர்றேன்" என்றான். மாமா வருசா வருசம் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். அவன் தலையைத் தடவி, "ஆண்டவனே கூப்பிட்டுட்டான்டா" என்று கண் கலங்கினார். ஆண்டவன் எங்கே கூப்பிட்டான்? கட்டைவிரல் கூப்பிட்டது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அதிகாலையில் கழுத்தில் மாலை விழுந்தது. அன்றைக்குப் பிரேயரிலேயே செல்வின் சார் அவனைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கையைக் குவித்தார். "நீங்களுமா சாமி?" பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இவன் குரங்கு பிடிக்கப் போனான், அது பிள்ளையாராகப் போய் உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில். மாலை போட்ட சாமி இருக்கிற வீட்டில் கவிச்சி கூடாது, கெட்ட பேச்சு கூடாது, குடி கூடாது. அம்மா பாத்திரம் பண்டத்தையெல்லாம் புளி போட்டு விளக்கினாள், வீட்டை மெழுகினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அப்பா வழக்கம்போல வந்தார். தெருமுக்கிலேயே வாடை வந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. அதுதான் ஆச்சரியம். "உள்ள சாமி இருக்கு. இப்பிடியே வந்தீகன்னா தெய்வக் குத்தம். ஒங்க இஷ்டம்" என்றாள், அவ்வளவுதான். அப்பா தெருவில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். விளக்குக்கு முன்னால் கறுப்பு வேட்டியும் திருநீறுமாக அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பயம். பாத்திரம் எந்தப் பக்கத்திலிருந்து பறந்து வரும் என்று முதுகுதான் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் பறக்கவில்லை. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. இரண்டு ராத்திரி அவர் மண்டியிலேயே வாழைச் சருகில் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் குளித்த தலையோடு, கையில் ஒரு சீப்பு ரஸ்தாளியோடு வந்து, படிக்கு வெளியே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "சாமி, உள்ள வரலாமா?"

பெற்ற அப்பன் மகனிடம், உள்ளே வரலாமா என்று கேட்டார். மாலை போட்டவன் பதிலுக்கு எல்லோரையும் சாமி என்றுதான் சொல்லணும். "வாங்க சாமி" என்றான். வந்தார். பழத்தை வைத்தார். வைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காமல், சடாரென்று குனிந்து அவன் காலைத் தொட்டார். முறைதான், மாலை போட்டவன் காலில் பெரியவர்களும் விழுவார்கள், மாமா காலில் எத்தனையோ பேர் விழுந்து பார்த்திருக்கிறான். ஆனால் அப்பாவின் காய்த்த கட்டைவிரல் அவனுடைய கட்டைவிரலில் வந்து நின்றது. அந்த நகத்தில், அந்த வீக்கத்தில். நின்றது, லேசாக அமுக்கியது, கடையில் ஷூ மூக்கை அமுக்கின மாதிரியே. பிறகு எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருக்கும். மலைக்குக் கிளம்புகிற அன்று இருமுடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில் வேப்பெண்ணெயை வைத்து, "விரலுக்குப் போட்டுக்கங்க சாமி, ஏத்தத்துல இடிக்கும்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாரே. தெரிந்துதான் சொன்னார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? கேட்டால் இவன் போட்டது பொய் மாலை என்றாகிவிடும். பொய் மாலைக்காகவா ஒரு மனுசன் குடிக்காமல் இருப்பான்? ஆகவே அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஒருத்தர் பொய்யை ஒருத்தர் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மண்டலம் ஓடிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம்மகன் மாலை போட்ட நேரம், இந்த மனுசன் திருந்திட்டாரு" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவள் சிரிக்கும்போது மேல் பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும் என்பதே இத்தனை வருசத்தில் அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஆனால் சாமியாக இருப்பது லேசில்லை. அதை யாரும் சொல்லித் தரவில்லை. விடியும் முன் எழுந்து மார்கழித் தண்ணீரில் குளிக்கணும். பொழுது சாய்ந்தால் திரும்பவும். வெறுந்தரையில் படுக்கணும். கோபப்படக் கூடாது, சலிக்கக் கூடாது, சும்மா ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தால் விழுங்கிக்கொள்ளணும். அம்மா மடியில் தலைவைக்கக் கூடாது. சாமிக்கு மடி ஏது. ஷூவிலிருந்து தப்பித்தோம் என்றிருந்த சந்தோசம் ஒரு வாரத்தில் போய்விட்டது. மீதி நாளெல்லாம் அப்பா வருகிற நேரம் பார்த்து விளக்கேற்றிக்கொண்டு முழித்திருந்ததுதான் மிச்சம். கண் சொக்கும். தூங்கிவிட்டால்? அவர் வந்து பார்க்கிறபோது சாமி இல்லாமல் வெறும் மகன் வாயைப் பிளந்து படுத்துக் கிடந்தால்? அதனால் தூங்குவதில்லை. எப்போடா கழட்டுவோம், எப்போடா கழட்டுவோம் என்று மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவர்களுக்கு ஜெபம் பண்ணுகிற மாதிரி இருக்கும். மலையிலாவது இதற்கு ஒரு முடிவு கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனான். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும், மாலை கழன்ற பிறகும் அப்பா இப்படியே இருக்கணும், வேறொன்றும் வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினான். கூட்டம். ராத்திரி முழுக்க நின்று, படியேறி, சன்னதிக்கு நேரே வந்த நொடியில் கண்ணில் பட்டது முன்னால் நின்றவரின் முதுகு. எட்டிப் பார்ப்பதற்குள் போலீஸ்காரர் கை முதுகில் பட்டு, "நடங்கோ, நடங்கோ" என்று தள்ளி, வெளியே வந்து விழுந்தான். கேட்கவே இல்லை. அவ்வளவு தூரம் போய், கேட்கவே இல்லை. மாமாவிடம் சொன்னதற்கு, "மனசுல நெனச்சாலே போதும் சாமி" என்றார். இவன் மனசில் அந்த நொடியில் என்ன இருந்தது என்று மாமாவுக்குத் தெரியாது. தூக்கம்தான் இருந்தது. கூடவே கொஞ்சம், நாளைக்கு ஷூ என்கிற நினைப்பும் இருந்தது.

வேன் ஊருக்குள் நுழைந்தபோது அப்பா டீக்கடையில் காத்துக்கொண்டு நின்றார். குளித்திருந்தார். அந்தக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் எழுந்து குளித்திருந்தார். இருமுடிப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் மண்டிக்குப் போகிற செல்லப்பாண்டி சைக்கிளை மிதித்துக்கொண்டே, "என்னா ஒச்சு, மகன் மலைக்குப் போயி வந்தாச்சா? இன்னையோட ஒன் விரதமும் முடிஞ்சது போ! சாயங்காலம் பிராந்திக்கடைக்கு வந்துரு, எடம் போட்டு வைக்கிறேன்" என்று கத்திக்கொண்டு போனார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அங்கேதான் அவன் நினைப்பு போய்ப் போய் முட்டிக்கொள்கிறது. அது என்ன சிரிப்பு? போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்கிற சிரிப்பா, வர்றேன்டா என்கிற சிரிப்பா? இரண்டுக்கும் அவர் வாய் ஒரே மாதிரிதான் கோணும். முகத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவர் பையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்துவிட்டார். முதுகுதான் தெரிந்தது. இந்த இரண்டு நாளில் எல்லோருடைய முதுகையும்தான் பார்த்திருக்கிறான். வீட்டு வாசலில், வெயில் படுகிற திட்டில், அம்மா அவனுடைய ஷூவை எடுத்து வைத்திருந்தாள். கரி நிறத்தில் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தது. "ஒங்கப்பாதான் உக்காந்து தேச்சாரு" என்றாள். ஏன் தேய்த்தார்? பத்தாது என்று தெரிந்த ஷூவை எதற்குத் தேய்த்தார்? மாலை கழன்றுவிடும் என்று அவருக்கும் நிச்சயமாகிவிட்டது, அதனால்தானே? அவருக்கும் இது முடியப்போகிறது. அவரும் களைத்துத்தான் போயிருப்பார். பாவம். குடிக்காமல் இருப்பது குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"சாமிமாரே, சரணம்."

திடுக்கிட்டு நிமிர்ந்தான். செல்வின் சார் வந்துவிட்டார். செய்தி வாசித்த பையன் இறங்கிப் போயிருந்தான், ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு யாரெல்லாம் மாலை கழட்டுதீங்க?"

கவியரசன் இரண்டு கையையும் தூக்கினான். "நா கழட்டுறேன் சார். கழட்டுன கையோட நேரா எங்கக்கா வீட்டுக்குத்தான். கோழி புடிச்சுக் கட்டிப் போட்டுருக்கா."

வரிசையே சிரித்தது. சார்கூடச் சிரித்தார். "கோழியத் தின்னுட்டு ஆடி அசைஞ்சு வரப்பிடாது. நாளைக்குக் காலையில ஷூ, சாக்ஸ், ஷேவிங், கட்டிங். இத்தன நாளும் சாமி. நாளையிலருந்து பழைய கணக்குதான், சொல்லிட்டேன்." ஒவ்வொருத்தராகத் தலையாட்டவைத்துக்கொண்டே கடைசி ஆளிடம் வந்தார். "நீங்க சாமி? மலைக்குப் போய்ட்டு வந்தாச்சுல்லா?"

"வந்துட்டேன் சார்."

"அப்பம் நாளைக்கு ஷூவோட பாக்கலாம்."

ஆமா சார் என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் தீர்ந்தது. சாயங்காலம் கழுத்து லேசாகிவிடும். பாய், தலையணை, வெந்நீர். கட்டைவிரல் வலிக்கும்தான், வலித்துவிட்டுப் போகட்டும், கொடிக்கம்பம் அவனுக்குப் புதிதா? ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இருக்கிறது. மண்டியில் செல்லப்பாண்டியின் சைக்கிள் காத்திருக்கும். அப்பா வீட்டுத் திசையையும் கடைத் திசையையும் பார்த்துக்கொண்டு முக்கில் நிற்பார். வீட்டில் சாமி இருந்தால் இந்தப் பக்கம் திரும்புவார். வெறும் மகன் மட்டும் இருந்தால்? அதை மட்டும் தெரிந்துகொள்ள அவனுக்குத் தைரியமில்லை.

"இல்ல சார். நா கழட்டல" என்றான்.

"என்னது?"

"தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டேன் சார். அது வரைக்கும் இப்பிடியேதான்."

வேண்டிக்கொள்ளவில்லை. இப்போதுதான், இந்த நொடியில்தான் வேண்டிக்கொண்டான். கவியரசன் வாயைப் பிளந்து அவனைப் பார்த்தான். இன்னொரு தடவை முதலிலிருந்து. அந்தக் குளிர்ந்த தண்ணீர், அந்தத் தரை, அந்த விளக்கு. தைப்பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம் இருக்கிறது. அது முடிந்தால் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். கடவுள்களுக்கா பஞ்சம்? இவனுக்குத்தான் உடம்பு ஒன்றே ஒன்று.

செல்வின் சார் நகரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே பார்த்தார். மடங்கிக் கிடந்த கட்டைவிரலையும், கறுத்துப்போன நகத்தையும், மலைக்கல் கிழித்த குதிகாலையும் பார்த்தார். இரண்டு வரிசைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அவன் பக்கம் குனிந்தார். இத்தனை நாளாக வராத குரல் வந்தது.

"எல சுருளி. ஷூ பத்தலியால?"

அவன் கட்டைவிரலை இன்னும் உள்ளே மடக்கிக்கொண்டான்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னல? காலு வளந்தா தப்பா? என்ன சைஸு சொல்லு. சாயங்காலம் நா வாங்கியாந்து குடுக்கேன். வீட்ல ஒண்ணும் சொல்லாண்டாம். இதுக்குப் போயி ஒடம்பக் கெடுத்துக்கிட்டு."

இதே வார்த்தையை இவர் புரட்டாசியில் சொல்லியிருந்தால்! இவன் மாலையே போட்டிருக்க மாட்டான், அம்மாவின் அந்தத் தூக்கின பல்லைப் பார்த்திருக்க மாட்டான், அப்பா படிக்கு வெளியே நின்று கேட்டிருக்க மாட்டார். எல என்று கூப்பிட்டதே அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம் போலிருந்தது. சாமி அழக்கூடாது. மாலை மணியை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டான்.

"ஷூ இருக்கு சார்" என்றான்.

சார் நிமிர்ந்து, சட்டைப் பையில் கத்தரிக்கோலைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஹெட்மாஸ்டர் மைக்கில் என்னவோ சொல்லி முடித்தார். வரிசைகள் கலைந்து, ஷூக்கள் தடதடவென்று வராந்தாவைப் பார்த்துப் போயின. கொடிக்கம்பத்தடியில் யாரோ ஒரு ஒன்பதாம் வகுப்புக்காரன் இரண்டு கையிலும் ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுருளி அவனைத் தாண்டி நடந்தான். முதல் பீரியடு கணக்குப்பதிவியல். தூங்காமல் உட்கார வேண்டும். சாயங்காலம் அம்மா ஜீப்பை விட்டு இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, மாலையைக் கழட்ட வருவாள். வேண்டாம்மா என்று சொல்லணும். அவள் சந்தோசப்படுவாள். அப்புறம் விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டும். அப்பா வந்து படிக்கு வெளியே நிற்பார், வரலாமா என்று கேட்பார். வந்தால் கேட்பார். வராந்தாவின் குளிர்ந்த சிமென்டில் கால் வைத்தபோது, "வாங்க சாமி" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாங்கப்பா என்று சொல்ல இன்னும் நாள் இருக்கிறது.